நீராவியில் வெந்த கை: நான்காவது மாதத்திலேயே ‘முழுத் தீர்வு’ப் பத்திரத்தில் கையெழுத்திடலாமா?

மருதன்:
நான் வேலை பார்க்கும் ஆலையில் நான்கு மாதங்களுக்கு முன் பாய்லர் குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் அடைப்பான கேஸ்கெட் விட்டுப்போய் நீராவி பீறிட்டதில், என் வலது முன்கையும் புறங்கையும் வெந்துவிட்டன. தொடைத் தோலை எடுத்துப் புறங்கையில் ஒட்டினார்கள். புண் ஆறிவிட்டது என்றாலும் தோல் தடித்துச் சிவந்து கிடக்கிறது. விரல்களை மடக்கினால் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி நிற்கிறது. சட்டைப் பொத்தானை இடது கையால்தான் போட்டுக்கொள்கிறேன். இதுவரை மருத்துவச் செலவை ஏற்ற நிர்வாகம், இப்போது ஒரு தொகையைக் குறிப்பிட்டு, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்ற பத்திரத்தில் இந்த மாதத்துக்குள் கையெழுத்துக் கேட்கிறது. நான் கையுறை அணிந்திருக்கவில்லை என்பதால் வழக்குப் போட்டாலும் ஒன்றும் கிடைக்காது என்று மேலாளர் சொல்கிறார். எனக்குப் பணம் தேவைதான். என்ன செய்வது?

கொன்றை:
தீக்காயப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். புண் ஆறுவது வேறு, தழும்பு முதிர்வது வேறு. மூன்று வாரங்களுக்குள் ஆறாத காயத்தில் தழும்பு தடிப்பது வழக்கம். அது தணிந்து வெளிறி ஒரு நிலைக்கு வர ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு, சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். அதுவரை நாளுக்கு 23 மணி நேரம் அழுத்த உடை அணிய வேண்டியிருக்கலாம். மூட்டின் மேல் ஓடும் தழும்பு சுருங்கி விரலை இழுத்துக்கொண்டால், அதை விடுவிக்க மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படும். உங்கள் இரண்டு விரற்கடை இடைவெளி குறையுமா கூடுமா என்று இன்றைக்கு எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோலை வைத்துக் கையைப் படமெடுத்து வாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அறுவை சிகிச்சைக் குறிப்புகளையும் பிசியோதெரபி அளவீடுகளையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நெறி:
வழக்குரைஞனாகச் சில சொற்கள்; விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். பணியிட விபத்துக்கு, யார் தவறு என்று பாராமலே இழப்பீடு தரும் ஏற்பாடு 1884-இல் ஜெர்மனியில் சட்டமாகி, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. அது உங்களுக்குப் பொருந்துமானால் கையுறைப் பேச்சுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. கவனக்குறைவு வழக்காக நடத்தினாலும், காயமடைந்தவரின் பங்கைக் கணக்கிட்டு அந்த அளவுக்குத் தொகையைக் குறைப்பதுதான் இன்று பல நாடுகளின் நடைமுறை, முழுவதையும் மறுப்பதில்லை. அமெரிக்காவில் சூடான காப்பி கொட்டி வெந்த 79 வயதுப் பெண்ணின் வழக்கில், 1994-இல் ஜூரி அவர்மீது 20 விழுக்காடு பொறுப்பைச் சுமத்தி, 2,00,000 டாலர் இழப்பீட்டை 1,60,000 ஆக்கியது. அவர் முதலில் கேட்டது 20,000 டாலர். காப்பி விற்ற நிறுவனம் தர முன்வந்தது வெறும் 800.

வேறொன்றும் உண்டு. இங்கிலாந்தில் 1950-இல் உருகிய உலோகம் தெறித்து ஒரு தொழிலாளியின் உதட்டில் சிறு காயம் ஏற்பட்டது. அந்த இடத்திலேயே புற்றுநோய் வந்து மூன்று ஆண்டுகளில் அவர் இறந்தார். உதட்டில் ஏற்கெனவே நோய்க்கான கூறு இருந்திருந்தும், தீக்காயம் நேரும் என்று எதிர்பார்த்திருக்க முடியும் என்பதால் மரணத்துக்கும் முதலாளியே பொறுப்பு என 1962-இல் தீர்ப்பானது. காயத்தின் பின்விளைவும் கணக்கில் சேரும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பத்திரத்தில் கையெழுத்திட்டால் அந்தப் பின்விளைவைத்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள். அதற்காகத் தழும்பு முதிரட்டும் என்று சும்மா இருந்துவிடவும் கூடாது, ஏனெனில் வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு பொதுவாக விபத்து நடந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. அது உங்கள் ஊரில் எவ்வளவு என்பதை இந்த வாரமே ஒரு வழக்குரைஞரிடம் கேளுங்கள். பண நெருக்கடிக்கு, உரிமையை விடாமல் இடைக்காலத் தொகை கேட்கலாம்.

வெண்மதி:
நான் ஐந்தாவது மாதத்தில் கையெழுத்திட்டவள். பதினான்காம் மாதம் கழுத்துத் தழும்பை விடுவிக்க அறுவை சிகிச்சை நடந்தது. அந்தச் செலவு முழுவதும் என் தலையில்தான் விழுந்தது.

மருதன்:
அனைவருக்கும் நன்றி. இரண்டு விவரங்களை விட்டுவிட்டேன். எங்களுக்குக் கொடுத்தது பருத்தித் துணிக் கையுறை. கழற்றிய பழைய கேஸ்கெட் இன்னும் ஸ்டோர் ரூமில் கிடப்பதாக நண்பர் சொல்கிறார், எடுத்துவரச் சொல்லட்டுமா?

கொன்றை:
துணிக் கையுறை நீராவியில் நனைந்தால் சூட்டைத் தோலோடு சேர்த்துப் பிடித்துவைக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நெறி:
வேண்டாம். நீங்களோ நண்பரோ எடுத்தால் திருட்டு என்பார்கள், ஆதாரத்தைத் திருத்தியதாகவும் பேச்சு எழும். அந்தக் கேஸ்கெட், பராமரிப்புப் பதிவேடு, கையுறை வழங்கிய பதிவு ஆகிய மூன்றையும் அழிக்காமல் வைத்திருக்குமாறு தேதியிட்ட கடிதம் ஒன்றை இன்றே நிர்வாகத்துக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.