வில்லேறு பாரம், வில்லேறாப் பாரம்: பந்தயத் தடத்துக்கு இலேசாக்கும் பழைய காருக்கான சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன்.

பழைய காரைத் தடத்தில் ஓட்டுவதற்காக எடை குறைக்கும் வேலைக்கு நாம் தொகுக்கும் சொற்பட்டியல் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஆனால் அன்ஸ்பிரங் வெயிட் (ஸ்பிரிங் சுமக்காமல் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கனம்) என்பதற்கு நேரே இன்னும் காலியிடம்தான். கோவைத் தம்பி போன மடலில் இப்படி எழுதியிருந்தார்:

> எடைக்குறைப்பு என்ற ஒரு சொல்லே போதும். எங்கே குறைந்தாலும் ஒரு கிலோ ஒரு கிலோதான். தனித்தனிச் சொல் வைத்துப் படிப்பவரைக் குழப்ப வேண்டாம்.

தம்பி, இதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பின் சீட்டில் குறைகிற கிலோவும் சக்கரத்தில் குறைகிற கிலோவும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் சொல் இல்லாததால்தான், சீட்டையும் கார்ப்பெட்டையும் பிடுங்கிப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நம் பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1988-இல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், வழியெங்கும் குறுக்கே இணைப்புகள். மீன் ஏற்றுவதற்காக ராமேஸ்வரம் பக்கம் காலியாகப் போகும் மினி லாரி, ஒவ்வோர் இணைப்பிலும் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். பெட்டியும் ஐஸும் ஏறித் திரும்பி வரும்போது அதே லாரி அதே இணைப்பில் அமுங்கிப் பதவிசாகப் போகும். ஆக்சிலும் சக்கரமும் டிரம்மும் அப்படியேதான் இருக்கின்றன. பட்டை, அதாவது லாரியின் தகட்டு ஸ்பிரிங், தாங்குகிற பாரம் மட்டுமே மாறியிருக்கிறது. தாங்குகிற பாரம் கனமாக இருந்தால் குதிக்கிற ஆக்சிலால் அதை அசைக்க முடியாது. அது இலேசானால் ஆக்சில் வண்டியையே ஆட்டிவைக்கும்.

இப்போது ஒரு பழைய மாருதி ஜென்னை நினைத்துக்கொள்ளுங்கள். பின் சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, ஏசி எல்லாம் இறக்கியாயிற்று. நேர்ப்பாதையில் சுறுசுறுப்பாக எழும்பும், பிரேக்கும் சீக்கிரம் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் தொடாமல் விட்டதால், கார் அந்தக் காலி லாரியின் பக்கம் ஓரடி நகர்ந்திருக்கிறது. வளைவின் நடுவே சின்ன மேடு வந்தால் டயர் தரையை விட்டு எழும்பும். எழும்பிய டயருக்குப் பிடிப்பு ஏது? ஆகவே இரண்டு பாரத்துக்கும் இரண்டு பெயர் வேண்டும்.

அடுத்து, மதுரை ஐயாவின் பரிந்துரை:

> அன்ஸ்பிரங் வெயிட் = சக்கரப் பாரம். எளிது, பார்த்ததும் புரியும்.

ஐயா, எளிமை சரிதான். ஆனால் டயர் கடையில் பேலன்ஸ் பார்க்கும்போது ரிம்மில் அடிக்கிற ஈயத்துண்டும் வெயிட்தான். சக்கரப் பாரம் என்றால் பலருக்கு அதுதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பாரம் சக்கரத்தோடு நிற்பதில்லை. ஹப், டிரம், டிஸ்க், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் எல்லாம் இதில் சேரும். பிரீமியர் பத்மினியின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டால் முழு ஆக்சில் ஹவுசிங்கும், உள்ளே இருக்கிற, இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் சேரும். ஜென் முன்சக்கர இழுப்பு வண்டி என்பதால் அதன் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸோடு இருக்கிறது. கியர்பாக்ஸ் பாடியில் தொங்குகிறது. அதே உறுப்பு ஒரு காரில் ஸ்பிரிங்குக்கு இந்தப் பக்கம், இன்னொரு காரில் அந்தப் பக்கம். எனவே உறுப்பின் பெயரை வைத்து இந்தச் சொல்லை ஆக்க முடியாது. ஸ்பிரிங் அதைச் சுமக்கிறதா இல்லையா என்பதைத்தான் சொல் காட்ட வேண்டும்.

வில்லடி எடை என்று இன்னொருவர் கொடுத்ததும் இதனால்தான் நிற்காது. பழைய ஜீப்பைக் குனிந்து பாருங்கள், பட்டைக்கட்டு ஆக்சிலுக்கு அடியில் இருக்கும். அங்கே ஆக்சில் வில்லுக்கு மேலே இருந்தாலும் வில் அதைச் சுமக்கவில்லை.

நான் முன்வைப்பது: ஸ்பிரிங் சுமப்பது வில்லேறு பாரம், சுமக்காதது வில்லேறாப் பாரம்.

ஏன் வில்? தமிழ்நாட்டுப் பாடநூலில் சுருள்வில் இருக்கிறது. ஆனால் லாரிக்கும் பத்மினியின் பின்பக்கத்துக்கும் போட்ட பட்டை சுருள் இல்லை. சுருளை விட்டுவிட்டு வில் என்று மட்டும் சொன்னால் இரண்டுக்கும் பொருந்தும். இலங்கையில் விற்றராசு என்ற சொல் முன்பே புழக்கத்தில் இருப்பதால் அங்குள்ளவர்களுக்கும் இது புதிதல்ல.

ஏன் பாரம்? இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் பாடநூலில் மாஸ் என்பது நிறை, வெயிட் என்பது எடை. கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னாரில் படித்த பிள்ளைக்கு மாஸ் என்பது திணிவு, வெயிட் என்பதுதான் நிறை. இந்தக் குழுவில் இரு கரை ஆட்களும் இருக்கிறோம். வில்லேறா நிறை என்று நான் எழுதினால் பாதிப்பேர் ஒன்றாகவும் பாதிப்பேர் வேறாகவும் படிப்பார்கள். பாரம் என்றால் அந்தச் சண்டையே இல்லை. வத்தை, வல்லம் போன்ற படகில் ஏறுவது பாரம்தான், லாரியில் ஏறுவதும் பாரம்தான். கணக்குப் போடும் இடத்தில் மட்டும் அவரவர் பாடநூல் சொல்லை வைத்துக்கொள்ளட்டும்.

ஏறு என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சிப்புளியில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரரிடம் பொருளை விளக்கினேன். "பட்டையில ஒக்காராத வெயிட்டத்தான சொல்றீக?" என்றார். அழகாகச் சொன்னார், அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் ஆசையாக இருந்தது. ஆனால் பட்டறையில் வண்டி உக்காந்துபோச்சு என்றால் பட்டை தளர்ந்து வண்டி இறங்கிவிட்டது என்று பொருள். பழுதைக் குறிக்கும் சொல்லைக் கலைச்சொல்லாக்கினால் நாளைக்குத் தொல்லை. ஏறாப் பாரம் என்று சொன்னபோது அவருக்குத் தயக்கமில்லாமல் புரிந்தது.

பட்டையின் சொந்தக் கனம் எதில் சேரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன் ஒரு பகுதி ஆக்சிலோடு அசைகிறது, மறுபகுதி பாடியோடு நிற்கிறது. அதனால் பாதியை இதிலும் பாதியை அதிலும் போடுவதுதான் வழக்கம். ஆக்சிலைப் பாடியோடு இணைக்கிற லிங்க் கம்பிக்கும், சக்கரத்துக்கு விசை கொண்டுபோகிற முன் டிரைவ்ஷாஃப்டுக்கும் அதே கணக்கு.

சுழல்பாரத்தை இதோடு கலக்க வேண்டாம். காலிப்பர் வில்லேறாப் பாரம், ஆனால் சுழலாது. ஃபிளைவீல் சுழலும், ஆனால் இன்ஜினோடு வில்லேறிய பாரம். டயரும் ரிம்மும் இரண்டிலும் சேரும். டயரின் வெளிவிளிம்பில் இருக்கிற ஒரு கிலோவை வேகப்படுத்த, பாடியில் இருக்கிற இரண்டு கிலோவை வேகப்படுத்தும் அளவுக்கு இன்ஜின் உழைக்க வேண்டும். அதை முன்னே தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும் அல்லவா? அதனால்தான் ரிம் வாங்கும்போது தராசில் வைத்து வாங்குங்கள் என்கிறேன். அலாய் என்றாலே இலேசு என்பது பொய். மலிவாகக் கிடைக்கிற பெரிய அலாய், கம்பெனி இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருப்பது சாதாரணம்.

கழிப்பு, மாற்று என்று இரண்டு வினையையும் பட்டியலில் பிரித்துக் காட்டியிருப்பது நல்லது. ஸ்டெப்னியை இறக்குவது கழிப்பு, கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் போடுவது மாற்று. நம் கடற்கரையில் மூன்றாவதாக ஒன்று சேரும். சத்தத்தை அடக்கத் தரையில் ஒட்டியிருக்கிற தார் ஷீட்டைச் சுரண்டி எடுத்தால் அடியில் உப்பு ஈரம் கோத்துத் தகடு பொரிந்து கிடக்கும். ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கிவிடும். கீழக்கரை, தொண்டி, ராமேஸ்வரம் எங்கும் வெளியே நின்ற காருக்கு இதே கதி. பழைய டிங்கர் வேலையில் நசுங்கலை நிரப்ப அப்பிய பட்டிப் பசையும் கிலோக்கணக்கில் இருக்கும். அந்தப் பட்டியைக் கழித்துவிட்டு, பொரிந்த இடத்தில் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். அந்தத் தகட்டின் கனம் காரில் ஏறத்தான் செய்யும். ஏறட்டும். ஓட்டுகிறவரின் சீட்டும் பெல்ட்டும் அந்தத் தரையைத்தான் பிடித்திருக்கின்றன. அதில் எடை பார்க்கக் கூடாது. இதற்கு ஈடுபாரம் என்று பெயர் வைக்கலாமா?

செலவில்லாத கழிப்பு ஒன்றும் பட்டியலில் விடுபட்டிருக்கிறது. 35 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 26 கிலோ. தடத்தில் இறங்கும்போது தேவைக்கு மட்டும் ஊற்றினால் ஸ்பேனரைத் தொடாமலே பாதிக்கு மேல் குறையும்.

கட்டுரைப் பகுதியில் இரண்டு எச்சரிக்கை கட்டாயம் வர வேண்டும். சாலையில் ஓடுகிற காரைப் பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே கழற்றிய காரை லாரியில் ஏற்றிச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கோ கொண்டுபோகட்டும். இரண்டாவது, தனுஷ்கோடி அரிச்சல்முனைச் சாலை. 2017-இல் திறந்ததிலிருந்து நேராக, காலியாகத் தெரிகிறது என்று சிலர் அங்கே வேகம் பார்க்கிறார்கள். காற்று தள்ளுகிற மணல் தாரின் மேல் கிடக்கும், ஓரமெல்லாம் குழந்தைகளோடு சுற்றுலா வந்தவர்கள் நிற்பார்கள். பொதுச் சாலையில் சோதிக்கவே கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

மிச்சம் ஒரு சொல். பந்தய விதியில் உள்ள குறைந்தபட்ச எடைக்குக் கீழே கார் இறங்கிவிட்டால் தரையோடு சேர்த்து முடுக்கும் பலாஸ்ட்டுக்கு, கப்பலுக்கு நாம் சொல்லும் அடிப்பாரத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மதுரை ஐயாவும் கோவைத் தம்பியும் இதற்கு என்ன சொல்கிறீர்கள்? வில்லேறாப் பாரத்துக்கு ஆட்சேபம் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து