கிளைட்டெம்னெஸ்ட்ராவும் பெனலோப்பியும்: கணவன் இல்லாத அரண்மனையில் அதிகாரம் யாருக்கு?

வெண்மணல் (கேள்வி):

பழைய கிரேக்கத்தின் ஹோமர் பாடிய ஒடிசி காவியத்தையும் ஈஸ்கிலஸின் ஒரெஸ்டியா நாடகங்கள் மூன்றையும் அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. கணவன் ட்ராய் போருக்குப் போய்விட்டான், அரண்மனை மனைவி கையில். அகமெம்னானின் மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ராவுக்கும் இதே நிலைமைதான், ஒடிசியஸின் மனைவி பெனலோப்பிக்கும் இதே நிலைமைதான். ஆனால் ஒருத்தி, திரும்பி வந்த கணவன் கொலையானதால், காலத்துக்கும் கொலைகாரி, இன்னொருத்தி காலத்துக்கும் உத்தமி. ஒடிசியின் கடைசிப் பகுதியில் அகமெம்னானின் ஆவியே வந்து தீர்ப்பு சொல்லிவிடுகிறது: பெனலோப்பியைப் போற்றிப் பாடுவார்கள், என் மனைவியைத் தூற்றிப் பாடுவார்கள், அவளால் நல்ல பெண்களுக்கும் கெட்ட பெயர் என்று! போருக்குக் கப்பல் கிளம்பவேண்டும் என்று மகள் இஃபிஜெனியாவைப் பலி கொடுத்த மனுஷன் பேசுகிற பேச்சா இது?

கேள்வி இதுதான். இந்தக் கதைகளில் வரும் அரசிகளுக்கு உண்மையிலேயே அதிகாரம் இருந்ததா, இல்லை, ஆண் ஊரில் இல்லாதவரை கையில் தங்கியிருந்த பொறுப்பு மட்டும்தானா? நன்றாகப் படித்தவர்கள் சொல்லுங்கள்.

—

முகமூடி:

முதலில் ஒன்று. ஒடிசியில் வரும் கிளைட்டெம்னெஸ்ட்ராவும் ஈஸ்கிலஸ் காட்டும் கிளைட்டெம்னெஸ்ட்ராவும் ஒரே ஆள் இல்லை. ஒடிசியில் திட்டமும் கொலையும் பெரும்பாலும் அவளுடைய காதலன் ஏகிஸ்தஸுடையது. அகமெம்னானை விருந்துக்குக் கூப்பிட்டு, தொழுவத்தில் மாட்டை வெட்டுவதுபோல வெட்டுகிறான். அவள் முதலில் அவனுக்கு இணங்கவே இல்லை என்றும், அவளுக்குக் காவலாக அகமெம்னான் விட்டுப்போன பாடகனை ஏகிஸ்தஸ் ஆளில்லாத தீவில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் வழிக்கு வந்தாள் என்றும் ட்ராயில் போரிட்ட முதியவர் நெஸ்டர் சொல்கிறார். மகளைப் பலி கொடுத்த கதையை ஹோமர் எங்கேயும் சொல்வதில்லை. அதனால் நீங்கள் கோபப்படுகிற விஷயம் அந்த ஆவி பேசும் இடத்தில் கணக்கிலேயே இல்லை.

கி.மு. 458-இல் ஏதென்ஸில் ஈஸ்கிலஸ் மேடையேற்றியபோது எல்லாமே தலைகீழ். திட்டம் அவளுடையது, ஆயுதம் அவள் கையில். ட்ராய் விழுந்த சேதி ஐடா மலையிலிருந்து லெம்னோஸ், ஏதோஸ் என்று மலைக்கு மலை தீ மூட்டி ஆர்கோஸுக்கு ஒரே இரவில் வந்து சேர ஏற்பாடு செய்தவள் அவள். பெண்பிள்ளை கனவு கண்டிருப்பாள் என்று சந்தேகப்படும் ஊர்ப் பெரியவர்களிடம் வழியில் இருக்கும் ஒவ்வொரு மலையாகப் பெயர் சொல்லி விளக்குகிறாள். கேட்டு முடித்ததும் அவர்கள் தரும் பாராட்டு என்ன தெரியுமா? புத்தியுள்ள ஆண் மாதிரிப் பேசினாயம்மா என்பதுதான். அப்புறம், வீடு திரும்பும் கணவனின் காலடியில் அவள் செந்நிறத் துணி விரிக்கவைக்கும் காட்சி. இதில் நடந்தால் தெய்வக் குற்றம் என்று அகமெம்னானுக்கு நன்றாகத் தெரியும், பெண்ணுக்கு இத்தனை பிடிவாதம் ஆகாது என்கிறான், அவள் விடாமல் பேசப் பேச கடைசியில் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு அதன்மேல் நடந்தே உள்ளே போகிறான். ட்ராயை வென்றவன் வாசலிலேயே தோற்றுவிட்டான், அதுவும் வெறும் பேச்சில்.

கொலைக்குப் பிறகு அகமெம்னான், அவன் ட்ராயிலிருந்து சிறைபிடித்து வந்த கசாண்ட்ரா ஆகிய இரண்டு பிணங்களுக்கும் பக்கத்தில் நின்று, நான்தான் செய்தேன், மூன்று முறை வெட்டினேன் என்கிறாள். நாடு கடத்துவோம் என்று பெரியவர்கள் மிரட்டும்போது, இவன் என் மகளைப் பலி கொடுத்தானே, அன்றைக்கு இவனை ஏன் நாடு கடத்தவில்லை என்று கேட்கிறாள். அதற்கு அவர்களிடம் பதிலே இல்லை. கடைசியில் ஏகிஸ்தஸ் வந்து சவடால் பேசும்போது, போருக்குப் போகாமல் வீட்டில் இருந்தவன் என்று அவனைப் பார்த்துப் ‘பெண்ணே’ என்கிறார்கள். ஆள்வதற்குத் தேவையான எல்லாம் அவளிடம் இருக்கிறது, அதற்காகவே அந்த ஊர் அவளைப் பார்த்துப் பயப்படுகிறது.

அப்பாவுக்காகப் பழிவாங்க அவளைக் கொன்ற மகன் ஒரெஸ்டஸை விசாரிக்கும் மூன்றாம் நாடகத்தில் அதற்குக் கணக்குத் தீர்க்கிறார்கள். தாய் என்பவள் பெற்றவள் இல்லை, விதையை வளர்த்துத் தருபவள் மட்டும்தான் என்று அப்போலோ தெய்வம் அவனுக்காக வாதாடுகிறார், அதற்குச் சாட்சியாகத் தாயில்லாமல் பிறந்த தெய்வம் ஏதெனாவையே காட்டுகிறார். ஓட்டுகள் சமமாக விழ, ஏதெனாவின் ஓட்டால் ஒரெஸ்டஸ் விடுதலை. இந்த வரிகளை எல்லாம் முகமூடி போட்ட ஆண்கள்தான் நடித்தார்கள். வெளியே நிஜ ஏதென்ஸிலோ ஒரு பெண் தன் பொறுப்பில் ஒரு மெடிம்னஸ் (தானியம் அளக்கும் அளவு) பார்லிக்கு மேல் விலைபோகும் எதற்கும் ஒப்பந்தம் செய்ய முடியாது. என்னைக் கேட்டால், இந்த நாடகத்தில் இருப்பது அரசியின் கதையை விட அவளைப் பற்றிய ஆண்களின் பயம்தான்.

—

தறிநூல்:

மேலே சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கொலை செய்யாத, யாரும் பயப்படாத அரசிகளுக்கும் இதேதான் நடக்கிறது.

ஹோமரில் ஒரே மாதிரி வசனம் திரும்பத் திரும்ப வரும். அவருடைய இன்னொரு காவியமான இலியட்டில் ஆண்ட்ரோமக்கி தன் கணவன், ட்ராய் இளவரசன் ஹெக்டரிடம் அழுதுவிட்டு நிற்கவில்லை, சுவர் பலவீனமாக இருப்பது அத்திமரப் பக்கம், படையை அங்கே நிறுத்து என்று தெளிவாக யோசனை சொல்கிறாள். அவன் அன்பாகத்தான் பதில் சொல்கிறான், ஆனால் பதில் என்ன? நீ போய் உன் தறியையும் நூலையும் கவனி, போர் ஆண்கள் வேலை. ஒடிசியின் முதல் பகுதியில் பெனலோப்பி பாடகனை வேறு பாட்டுப் பாடச் சொல்கிறாள். மகன் டெலிமாக்கஸ் சபை நடுவே, தறியைக் கவனி, பேச்சு ஆண்கள் வேலை என்று மாடிக்கு அனுப்புகிறான். பின்னால் அவளை மணக்க வந்தவர்களுக்கான வில் போட்டியில் மறுபடியும் அதே வசனம், பேச்சுக்குப் பதில் வில்.

எனக்கு ரொம்ப உறுத்துவது அரேட்டி விஷயம். ஃபேசியர் நாட்டு அரசி. ஆண்களுக்குள் நடக்கும் வழக்கைக்கூட அவளே தீர்த்துவைப்பாளாம். ராஜாவைத் தாண்டிப் போய் அம்மா காலைப் பிடி என்று அவள் மகள் நௌசிக்கா, கரை ஒதுங்கிய ஒடிசியஸிடம் சொல்லி அனுப்புகிறாள். அவனும் அப்படியே செய்கிறான். அரேட்டி வாயே திறப்பதில்லை! ஒரு முதியவர் பேசுகிறார், ராஜா அல்சினூஸ் கையைப் பிடித்து எழுப்பி உட்காரவைக்கிறார். பிறகு ஒருநாள் இரவு, இவன் என் விருந்தாளி, வெறுங்கையோடு அனுப்பாதீர்கள் என்று அவளே பேசும்போது அல்சினூஸ் சொல்வது: இவனை அனுப்பிவைப்பது ஆண்கள் பொறுப்பு, முக்கியமாக என் பொறுப்பு, இந்த நாட்டில் அதிகாரம் என்னுடையது. டெலிமாக்கஸ் அம்மாவிடம் சொன்ன அதே அச்சு! கிரேக்கக் காவியத்தில் மனைவி மிக மதிப்பாக நடத்தப்படும் வீடு இது, அங்கேயே இப்படி.

—

பழங்களிமண்:

அரியணை யார் வழியாக வருகிறது என்பதையும் பாருங்கள். மெனலாஸ் ஸ்பார்ட்டாவை ஆள்வது ஹெலனைக் கட்டியதால். பெலோப்ஸுக்கு ஹிப்போடமியா. ஓடிபஸ் ஜொகாஸ்டாவை மணந்து தீப்ஸ் ராஜா ஆகிறான். இதையெல்லாம் வைத்து, முன்னொரு காலத்தில் தாய்வழி ஆட்சி இருந்தது என்று பாஹோஃபென் என்ற அறிஞர் 1861-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அந்த முடிவு எனக்கு ஒப்பாது. ஒடிசியஸின் நாடான இத்தாக்காவிலேயே அது உடைந்துவிடுகிறது. பெனலோப்பியைக் கட்டினாலே ராஜா என்றால், அவளை மணக்கக் காத்திருக்கும் ஆன்டினூஸ் கூட்டம் டெலிமாக்கஸைக் கொல்லக் கடலில் படகோடு எதற்குக் காத்துக்கிடக்கிறது? மகன் இருக்கும்வரை அவள் கை மட்டும் போதாது என்று அவர்களுக்கே தெரியும்.

நிஜத்தில் பெண்களுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது கோயிலில். கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த பழங்காலக் களிமண் பலகைகளில் (1952-இல் வென்ட்ரிஸ் இந்த எழுத்தைப் படித்துக் காட்டினார்) எரிதா என்ற பூசாரி, இந்த நிலம் தெய்வத்துக்கு உரியது என்கிறாள், ஊர்ச் சபை அதை மறுக்கிறது, இரண்டையும் எழுத்தர் பதிவு செய்திருக்கிறார். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய நிலத் தகராறு, ஒரு பெண் பெயரோடு. எனக்கு இது எந்த அரசி கதையையும் விடப் பெரிசு.

—

வெண்மணல்:

அரேட்டி பேசாமல் இருந்ததைக் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன், ரொம்ப நன்றி. ஆனால் பெனலோப்பியை வெறும் பொறுப்பாளி என்று விட மனமில்லை. இந்தத் துணியை நெய்து முடித்த பிறகுதான் மறுமணம் என்று சொல்லி, மூன்று வருடம் பகலில் நெய்து இரவில் பிரித்து, மணக்க வந்த அத்தனை ஆண்களை நிறுத்திவைத்தது அவள்தானே? நகர்த்தவே முடியாத கட்டிலை வெளியே எடுத்துப் போடச் சொல்லி ஒடிசியஸையே சோதித்தது?

—

தறிநூல்:

அது அவளுடைய புத்தி, அதில் சந்தேகமே இல்லை. போ, தறியைக் கவனி என்றார்கள், அவள் அந்தத் தறியை வைத்தே எல்லாரையும் ஏமாற்றினாள். ஆனால் அதிகாரமா என்றால், அவளுடைய 12 வேலைக்காரிகளைத் தூக்கில் போட்ட அன்று அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

—

முகமூடி:

கிளைட்டெம்னெஸ்ட்ரா பக்க நியாயம் வேண்டுமென்றால் யூரிபிடிஸ் எழுதிய ‘ஆலிஸில் இஃபிஜெனியா’ படியுங்கள். என் முதல் கணவனைக் கொன்றாய், பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையை மார்பிலிருந்து பிடுங்கிக் கொன்றாய், அப்படித்தான் என்னைக் கட்டினாய் என்று பலிக்கு முன்பே அகமெம்னானின் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். இவளையும் கொன்றுவிட்டுத் திரும்பி வந்தால் வீட்டில் உனக்கு என்ன வரவேற்பு கிடைக்கும் என்று நினைக்கிறாய் என்றும் அங்கேயே கேட்டுவிடுகிறாள்.