ஃபேட்டி லிவருக்கு ப்ரோபயாடிக்: நோயாளிகளிடம் பார்த்தவை, பழக்கத்தில் தெரிந்தவை

உணவியல் ஆலோசகர், மதுரை

ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு ‘கிரேடு 2’ (நடுத்தர அளவு) என்று வந்த வாரமே ப்ரோபயாடிக், அதாவது உயிருள்ள நல்ல கிருமி அடங்கிய மாத்திரை அட்டையோடு வருகிறவர்கள் இப்போது நிறைய. அட்டையின் முன்பக்க எண்ணிக்கையை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். லாக்டோபேசில்லஸ் என்று கிருமியின் இனப் பெயரை மட்டும் போட்டிருந்தால் போதாது. வகையைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும், பிபி-12 என்பது போல, கடைசியில் இருக்க வேண்டும். எத்தனை பில்லியன் என்பது தயாரித்த அன்றைய கணக்கா, காலாவதி நாள் வரை உயிரோடு இருப்பதற்கான உறுதியா என்றும் பாருங்கள்.

2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொன்ன மாத்திரையை மே மாதத்தில் பைக் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினால், விழுங்குவது பெரும்பாலும் செத்த கிருமிதான். வயிற்றுப்போக்குக்கு வாங்கிய பேசில்லஸ் கிளாசி என்ற கிருமி உள்ள ஆம்பூல் (சிறு குப்பி) மிச்சமிருக்கிறதே என்று கல்லீரலுக்காகக் குடிப்பவர்களும் உண்டு. அதன் வேலை வேறு.

குடல், கல்லீரல் மருத்துவர்

மேடம் சொன்னதோடு ஒன்று. கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு, குடலிலிருந்து போர்டல் சிரை வழியாகத்தான் போகிறது. இனிப்பும் எண்ணெயும் மிகுந்து நார்ச்சத்து குறைந்தால் குடல் சுவரின் பிடிப்பு தளர்கிறது. கிருமிகளின் ஓட்டிலுள்ள நச்சு கசிந்து நேராகக் கல்லீரலில் போய் அழற்சியைக் கிளப்புகிறது. ப்ரோபயாடிக் கைகொடுக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுதான்.

பல சிறு ஆய்வுகளில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற ரத்த அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 104 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிபி-12 கிருமியும் தினம் 8 கிராம் ஃப்ரக்டோ-ஒலிகோசாக்கரைடும் (கிருமிக்குத் தீனியாகும் நார்ச்சத்து) கொடுத்தார்கள். 2020-ல் வந்த முடிவு: குடல் கிருமிகள் மாறின, கல்லீரல் கொழுப்பில் குழுக்களுக்கிடையே வித்தியாசம் இல்லை. கொழுப்பு குறைந்தது எடை குறைந்தவர்களுக்கு. நோயாளிகளிடம் நான் வற்புறுத்துவதும் அதையேதான். உடல் எடையில் 5 சதவீதம் இறங்கினால் கொழுப்பு கரையத் தொடங்கும். அழற்சி அடங்க 7 முதல் 10 சதவீதம் வேண்டும். 80 கிலோ உள்ளவருக்கு முதல் இலக்கு 4 கிலோ. மாத்திரை அதற்குத் துணை, மாற்று அல்ல.

சமையல் பயிற்சியாளர், சென்னை

வீட்டுத் தயிரில் எந்த வகைக் கிருமி, எத்தனை என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. அதனால் மாத்திரைக்கு ஈடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் தினம் ஒரு கிண்ணம் உயிருள்ள தயிர் நல்ல பழக்கம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3. நீலத்தை எடுங்கள். அரை லிட்டரைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு (40 டிகிரி சுமார்) ஆறவிட்டு, ஒரு டீஸ்பூன் உறை போதும். சூடாக ஊற்றினால் உறையே வெந்து பால் பாலாகவே நிற்கும். வெயில் காலத்தில் 5 மணி நேரம், மார்கழியில் 8-க்கு மேல். உறைந்ததும் ஃப்ரிட்ஜ்.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: கொதிக்கும் சோற்றில் தயிரைப் பிசைவது, மோர்க்குழம்பைக் கொதிக்க விடுவது. இரண்டிலும் கிருமி தங்காது. இட்லியும் அப்படியே, மாவு புளித்ததுதான், ஆவியில் வெந்தபின் உயிரோடு எதுவும் மிஞ்சாது. சோறு கை பொறுக்க ஆறினபின் தயிர் சேருங்கள். லஸ்ஸியில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை போட்டால் அதுவே 25 கிராம். அதைக் குடித்துவிட்டு ஃபேட்டி லிவர் குறையவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கும் புளித்த பால் பானத்திலும் சர்க்கரை எவ்வளவு என்று லேபிளைப் பாருங்கள். பழைய சோறு நல்லதுதான், அளவு மட்டும் ஒரு கப்.

உணவியல் ஆலோசகர், மதுரை

சமையல் அக்கா சொன்ன தயிரோடு கிருமிக்குத் தீனியும் வேண்டும்: சின்ன வெங்காயம், பூண்டு, வாழைக்காய், பயறு வகைகள். இன்யூலின் என்ற நார்ச்சத்துப் பொடியை முதல் நாளே முழு ஸ்பூன் போட்டால் வயிறு உப்பிக்கொண்டு, பலர் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். கால் ஸ்பூனில் தொடங்கி, இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது அதற்கும் ப்ரோபயாடிக் மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

குடல், கல்லீரல் மருத்துவர்

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) முற்றி வயிற்றில் நீர் கோர்த்தவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், கீமோ எடுப்பவர்கள் ப்ரோபயாடிக்கைத் தாமாகத் தொடங்கவே கூடாது. ரத்தத்தில் கிருமி பரவ வாய்ப்புண்டு. மற்றவர்களும் தொடங்குமுன் எஸ்ஜிஓடி (இதுவும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை), எஸ்ஜிபிடி, தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பார்த்துவிடுங்கள். இந்த மூன்றோடு வயதையும் சேர்த்துப் போடும் ஃபிப்-4 கணக்கு 1.3-க்குக் கீழே இருந்தால் தழும்பு ஏறியிருக்கும் ஆபத்து குறைவு. அதற்கு மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன்) எடுக்க வேண்டும்; அதற்கு முன் மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வாருங்கள், சாப்பிட்டு வந்தால் அளவு கூடிக் காட்டும். மூன்று மாதம் கழித்து எடையும் எஸ்ஜிபிடியும் இறங்கவில்லை என்றால், மாத்திரையை மாற்றுவதற்கு முன் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள்.