சிங்கர் மெஷின் நாலுதான்: எந்த பீஸை எவ்வளவு தைப்பது?

நூல்கண்டு:
திருப்பூரில் சின்ன தையல் யூனிட். ப்ளாட்லாக் (மடிப்புத் தையல் மெஷின்) 7, சிங்கர் (நேர்த்தையல் மெஷின்) 4. ஓவர்லாக் (ஓரத் தையல் மெஷின்) தாராளமாக இருக்கிறது. ஷிப்ட் 480 நிமிஷம், எஃபிஷியன்ஸி 80%. பீஸ் கணக்கு:

ரவுண்ட் நெக் டி-ஷர்ட்: மிச்சம் ரூ.28, ப்ளாட்லாக் 2 நிமிஷம், சிங்கர் 0.5
போலோ (காலர் டி-ஷர்ட்): ரூ.60, ப்ளாட்லாக் 1.5, சிங்கர் 4
ட்ராக் பேன்ட்: ரூ.45, ப்ளாட்லாக் 2.5, சிங்கர் 1.5

தினம் 600 ரவுண்ட் நெக், 300 போலோ, 300 பேன்ட் போகும். அத்தனையும் தைத்து முடிவதில்லை. மிச்சம் அதிகம் என்பதால் போலோ முதலில், அப்புறம் பேன்ட் என்று ஏற்றுகிறோம். சரிதானா?

லைன்பேலன்ஸ்:
இல்லைங்க, அந்த வரிசையில்தான் பணம் போகிறது. முதலில் எந்த மெஷினில் இடிக்கிறது என்று பாருங்கள். ப்ளாட்லாக்கில் கைவசம் 2,688 நிமிஷம் (7 × 480 × 80%), தேவை 2,400. பிரச்சினை இல்லை. சிங்கரில் இருப்பது 1,536, தேவை 1,950. அங்கேதான் அடைப்பு.

அதனால் பீஸ் மிச்சத்தை சிங்கர் நிமிஷத்தால் வகுங்கள். ரவுண்ட் நெக் நிமிஷத்துக்கு ரூ.56, பேன்ட் ரூ.30, போலோ வெறும் ரூ.15. ரவுண்ட் நெக் 600, பேன்ட் 300 முழுசாக ஏற்றினால் 750 நிமிஷம் போகும். மீதி 786 நிமிஷத்தில் 196 போலோ வரும். நாள் மிச்சம் ரூ.42,060. உங்கள் வரிசையில் 300 போலோ, 224 பேன்ட்டோடு சிங்கர் தீர்ந்துவிடும், ரூ.28,080தான்.

ஒன்று கவனியுங்கள்: மிச்சம் போடும்போது துணி, நூல், பீஸ் ரேட் கூலி மட்டும் கழியுங்கள். வாடகை, ஷிப்ட் சம்பளத்தைப் பங்கு போட்டுக் கழித்தால் வரிசையே மாறிவிடும்.

நூல்கண்டு:
நன்றிங்க. ஆனால் போலோ பார்ட்டியும் பழைய பார்ட்டி, 300ம் வேண்டும் என்கிறார். ப்ளாக்கெட்டை (கழுத்துக்குக் கீழே பட்டன் வரும் பட்டி) மட்டும் வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கலாமா? சிங்கரில் பாதி நேரம், 2 நிமிஷம், அதற்கே போகிறது.

கட்டிங்மேசை:
தாராளமாகக் கொடுக்கலாம். பற்றாக்குறை 414 நிமிஷம், அதாவது 207 பீஸ் ப்ளாக்கெட் வெளியே போனால் 300ம் முடியும். கூடுதலாக வரும் 104 போலோவுக்கு ரூ.6,240. ஆக, போக்குவரத்து, ரிஜெக்ட் எல்லாம் சேர்த்து பீஸுக்கு ரூ.30 வரை கட்டும். ஓவர்டைமுக்கும் இதே அளவுகோல்தான்: ஒரு மணி நேரத்தில் கிடைப்பது 48 நிமிஷம், போலோவின் ரூ.15 கணக்கில் மதிப்பு ரூ.720. டைலருக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்தாலும் நிற்கும்.

ப்ளாக்கெட்டை பண்டல் நம்பரோடு அனுப்புங்கள். ஷேட் (துணியின் நிற அளவு) மாறி வந்தால் பிரித்துத் தைக்க அதே சிங்கர்தான் வேண்டும்.

லைன்பேலன்ஸ்:
ரவுண்ட் நெக் ஆர்டர் 1,000 ஆனால் இந்த வகுத்தல் போதாது. அதே வரிசையில் ஏற்றினால் 146 போலோ வரும், ப்ளாட்லாக் தேவையும் 2,969 ஆகிவிடும். இரண்டு மெஷினும் சேர்ந்து இடிக்கும்போது எக்செல் சால்வரில் (சிறந்த கலவையைத் தேடித் தரும் வசதி) ‘சிம்ப்ளெக்ஸ் எல்பி’ முறையைப் போடுங்கள். உங்கள் எண்களுக்கு பேன்ட் 300, ரவுண்ட் நெக் சுமார் 844, போலோ சுமார் 165 என்று வருகிறது.