மறு: 24.5-ஐ என்னவென்று அழைப்பது? மேல் எல்லையா, மேல்வரம்பா?

அனைவருக்கும் வணக்கம்.

நான் கேட்டது ஒரு சின்னக் கேள்வி. இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்காக விஷயத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வயலின் நீளம் 24 மீட்டர் என்று எழுதியிருக்கிறது; முழு மீட்டருக்கு முழுதாக்கிய அளவு. அப்படியானால் உண்மை நீளம் 23.5-லிருந்து 24.5-க்குள் எங்கேயாவது இருக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் தமிழில் பெயர் வேண்டும். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழி வகுப்பெடுக்கும் எனக்கு, திங்கட்கிழமை கரும்பலகையில் எழுத வேண்டும்.

இதுவரை வந்தவை மூன்று: உச்ச அளவு, மேல் எல்லை, மேல்வரம்பு. கீழே இருப்பதற்கும் அதே போல.

> உச்ச அளவு என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

புரியும்தான். ஆனால் தப்பாகப் புரியும். 24.49 மீட்டர் நீளமுள்ள வயல் 24 என்றாகும், 24.499-உம் அப்படியே. சரியாக 24.5 வந்தால் அது 25 ஆகிவிடும். ஆக 24.5 என்பது இந்த அளவு தொடாத எண். தொடாத ஒன்றை உச்சம் என்று எப்படிச் சொல்வது? 'அப்போ 24.499-ஐ உச்சம்னு சொல்லலாமே டீச்சர்' என்று ஒரு பையன் கேட்டான். 24.4999 இருக்கிறதே என்றேன். இன்னொரு ஒன்பது சேர்த்தான். நான் ஒன்று சேர்த்தேன். மணி அடித்துவிட்டது.

மேல் எல்லை பற்றி: இந்தச் சொல் ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. புள்ளியியலில் பிரிவு இடைவெளிக்கு மேல் எல்லை, கீழ் எல்லை உண்டு. பதினோராம் வகுப்புக்குப் போனால் நுண்கணிதத்தில் எல்லை வந்து நிற்கிறது, அது வேறு சங்கதி. மூன்றாவது வேலையும் அதன் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. அப்புறம், எங்கள் ஊர்க் கஷ்டம் ஒன்று. வேலந்தாவளத்துக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளையிடம் எல்லை என்றால் அதற்குச் செக்போஸ்ட்தான் ஞாபகம் வரும்.

நான் மேல்வரம்புக்கு வந்தது ஒரு மாணவியால். அவள் வீட்டில் நெல் வயல் உண்டு. படிப்படியாக இறங்கும் நிலம். 24 மீட்டர் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது, 23.5 நம்ம கணக்கில் சேரும், 24.5 மட்டும் ஏன் சேராது என்று வகுப்பே குழம்பியது. இவள் எழுந்து பலகையில் மூன்று படி வரைந்தாள். நடுப் படி எங்க வயல் என்றாள். கீழே இருக்கும் வரப்பு எங்களுது, அதுதான் எங்க தண்ணியைத் தாங்குது, வருஷா வருஷம் அப்பாதான் சேறு பூசுவார். மேலே இருக்கிறது மேல் வயல்காரருது, அவர் தண்ணி அதில் நிக்குது. உடைஞ்சா அவர்தான் கட்டணும்.

இதைவிட நான் என்ன விளக்க? 23.5 நம்முடைய வரப்பு. 24.5 அடுத்த வயலான 25-இன் வரப்பு. அதில் நாம் சாய்ந்துகொள்ளலாம், சொந்தம் கொண்டாட முடியாது. வரப்பும் வரம்பும் ஒரே சொல்தான். ஆசிரியர் அறையில் மலையாளம் எடுப்பவரிடம் கேட்டேன். அவர்களுக்கும் வயலில் இருப்பது வரம்புதான். இரண்டு மொழி காதில் விழும் பிள்ளைக்கு இது பெரிய சௌகரியம்.

> மேற்படிப்பில் 25, 100, 1000 எல்லாமே இந்தக் கணத்துக்கு மேல்வரம்புதான். 24.5 அவற்றில் மிகச் சிறியது. பள்ளியில் ஒன்று, கல்லூரியில் ஒன்று என்று ஆகாதா?

ஆகும், ஐயா. ஆனால் முரண் இல்லை. பள்ளியில் அந்தக் கூட்டத்திலேயே இறுக்கமான ஒன்றை மட்டும் காட்டுகிறோம். கல்லூரியில் அதற்கே மீச்சிறு மேல்வரம்பு என்று முழுப்பெயர் வைத்துக்கொள்ளட்டும். இதற்காக இன்னொரு புதுச்சொல் வேண்டாம் என்பது என் கட்சி.

> ஆழியாற்றுத் தண்ணீர் 7.25 டி.எம்.சி. என்கிறோமே, அதற்கும் வரம்பு போடலாமா?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இரு மாநிலங்களின் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி.) எங்கள் சித்தூர்ப் பக்கத்துக்கு வர வேண்டும். அது எழுதி வைத்த எண். யாரும் அளந்து முழுதாக்கியதல்ல. அதற்கு வரம்பு கிடையாது. ஆனால் அந்த அணைக்கட்டில் அளந்து 'வந்தது 7.25' என்று எழுதினால், அதற்கு உண்டு: 7.245-லிருந்து 7.255-க்குள். அந்தப் பாதி இலக்கம், 0.005 டி.எம்.சி., எவ்வளவு தெரியுமா? 50 லட்சம் கன அடி, ஏறக்குறைய 14 கோடி லிட்டர். தென்னைக்குத் தண்ணீர் காத்திருப்பவனுக்கு அது தசமப் புள்ளிக்கு அப்பால் இருக்கும் விஷயமல்ல.

நிலத்திலும் அப்படித்தான். 24 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம் என்றால் பரப்பு 432 சதுர மீட்டர். கீழ்வரம்புகளைப் பெருக்கினால் 411.25, மேல்வரம்புகளைப் பெருக்கினால் 453.25. இடையில் 42 சதுர மீட்டர், அதாவது ஒரு சென்டுக்குக் கொஞ்சம் மேலேயே. முழு மீட்டரில் அளந்த சீட்டை நம்பிப் பத்திரம் எழுதுகிறவர் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் வழுக்கி விழுவது வகுத்தலில். மோட்டார் 8 நிமிடத்தில் 500 லிட்டர் தொட்டியை நிரப்புகிறது. லிட்டர் பத்துக்கும், நேரம் நிமிடத்துக்கும் முழுதாக்கியவை. வேகத்தின் மேல்வரம்பு கேட்டால் 505-ஐ 8.5-ஆல் வகுக்கிறார்கள். 59 சொச்சம் வருகிறது. சாதாரணமாகப் போட்டாலே 62.5 வருமே! 505-ஐ 7.5-ஆல் வகுக்க வேண்டும், 67.3. தண்ணீர் அதிகம், நேரம் குறைவு. கழித்தலிலும் இதே குறுக்குப் பொருத்தம்தான்.

வயதை மட்டும் தனியே வையுங்கள். 13 வயது என்றால் 13 முடிந்து 14 ஆகாதவர். அங்கே முழுதாக்குவதில்லை, மிச்சத்தை வெட்டிவிடுகிறோம். வரம்புகள் 13, 14. அந்த வெட்டலுக்கு ஒரு சொல் தேவைதான். அதைத் தனி இழையில் பேசுவோம்.

முழுதாக்கலுக்கு இலங்கைப் பாடநூல்களில் மட்டந்தட்டல் என்று இருக்கிறது. கொத்தனார் மட்டம் பார்ப்பது போல அழகான சொல். ஆனால் இங்கே மட்டம் தட்டுவது என்றால் ஒருவரை இளப்பமாகப் பேசுவது. எண்ணைப் பத்துக்கு மட்டந்தட்டு என்றால் கடைசி பெஞ்சு அந்த எண்ணைத் திட்டத் தொடங்கிவிடும்.

சரி, என் ஓட்டு மேல்வரம்பு, கீழ்வரம்புக்கு.

---

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பதில்:

வணக்கம் ரீச்சர். எங்கட பக்கமும் வயலில் இருப்பது வரம்புதான், ஆகவே எனக்கு ஆட்சேபம் இல்லை. மட்டந்தட்டலை மட்டும் விடமாட்டன். முப்பது வருசமாகப் படிப்பிக்கிறன், ஒரு எண்ணையும் எந்தப் பிள்ளையும் ஏசினதில்லை.