மொய் விருந்து: உதவியா, கடனா?

கீரமங்கலத்தான்:
பிறருக்குச் செய்தது நமக்குத் திரும்பும் என்பதற்கு எங்கள் பக்கத்து மொய் விருந்தைவிடச் சாட்சி வேண்டுமா? ஆடி பிறந்தால் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் பந்தல் போட்டுக் கறிவிருந்து வைப்பார்கள். நாலைந்து ஆண்டுகள் ஊரெல்லாம் மொய் செய்தவர் ஒருநாள் தன் பெயரில் அழைப்பிதழ் அடிக்கிறார். செய்ததெல்லாம் வந்து சேர்கிறது. ஈடு கிடையாது, வட்டி கிடையாது. அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்களும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் ஏராளம்.

கணக்கர்:
இதில் நல்வினை எங்கே வந்தது ஐயா? அழைப்பிதழ் வந்ததும் மொய் நோட்டைப் புரட்டி, இவர் நமக்கு 2,000 செய்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுக் கிளம்புவதற்குப் பெயர் கடன். அதற்கு மேலும் கொஞ்சம் வைக்க வேண்டும். வட்டி இல்லாமல் அது என்ன?

கீரமங்கலத்தான்:
அது புதுமொய். நமக்கு அவர் திருப்பிச் செய்ய வேண்டியது. வட்டிக்கு விட்டவன் அசலோடு எழுந்து போவான். இங்கே உறவு அறுந்துவிடாமல் இருக்கத்தான் கூடுதலாக வைக்கிறோம்.

பட்டுக்கோட்டை மருமகள்:
உறவு என்று அழகாகச் சொல்கிறீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்பைச் சாய்த்தது. அடுத்த ஆடியில் அழைப்பிதழ்கள் மட்டும் தவறாமல் வந்தன. என் வளையலை அடகு வைத்துத்தான் மாமனார் மொய் எழுதினார். போகாமல் இருந்திருக்கலாமே என்று யாரும் சொல்லாதீர்கள். அவர் அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.

கீரமங்கலத்தான்:
வருந்துகிறேன் தங்கச்சி. ஆனால் கொடுத்தவர்களுக்கும் தோப்பு விழுந்திருக்குமே? அவர்கள் கேட்காமல் இருக்க முடியுமா?

கணக்கர்:
சரியாகச் சொன்னீர்கள், அத்தனை பேரும் விழுந்தால் இந்த ஏற்பாடு யாரையும் தூக்காது. இன்னொன்று. சாய்ந்த மரங்களை அறுத்து வழிவிட்ட கூலிக்காரர்கள் யார் நோட்டில் இருக்கிறார்கள்?

கீரமங்கலத்தான்:
அவர்களும் தங்களுக்குள் நூறு, இருநூறு என்று செய்துகொள்கிறார்கள்.

கணக்கர்:
அதைத்தான் சொல்கிறேன். நூறு செய்தவருக்கு நூறு, லட்சம் செய்தவருக்கு லட்சம். திரும்பி வருவது மனசு அல்ல, வசதி.

பட்டுக்கோட்டை மருமகள்:
இந்த ஆவணியில் எங்கள் முறை. பந்தலுக்கு வாருங்கள் இருவரும். கணக்கர் மொய் எழுத வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். என் மாமனார் சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம்.