வீட்டு வைஃபையில் கேமரா தெரிகிறது, மொபைல் டேட்டாவில் தெரிவதில்லை

கேள்வி:
வாசல் கேமராவின் ஐபி 192.168.1.64. வீட்டு வைஃபையில் இருந்தால் போனில் விஎல்சி பிளேயரைத் திறந்து கேமராவின் ஆர்டிஎஸ்பி (நேரலை வீடியோ) முகவரியைக் கொடுத்ததுமே படம் வருகிறது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பு கேமராவுக்குப் போகும்படி ரவுட்டரில் 554 போர்ட்டைத் திருப்பியிருக்கிறேன். போர்ட் சோதிக்கும் தளங்கள் ‘மூடியிருக்கிறது’ என்கின்றன. ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.72.15.9. எங்கே தவறு?

பதில்:
கடைசியில் எழுதிய முகவரியில்தான் விஷயம் இருக்கிறது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையுள்ள முகவரிகளை இணைய நிறுவனங்கள் தங்கள் உள் வலையில் பயன்படுத்தவென்றே 2012-ல் ஒதுக்கினார்கள். ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்குபோடும் இந்த ஏற்பாட்டின் பெயர் சிஜிநாட். உங்கள் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது; தெருமுனை கேட் பூட்டியிருக்கிறது, அதன் சாவி நிறுவனத்திடம். ரவுட்டரில் என்ன மாற்றினாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் வீடுவரை வராது.

உறுதிசெய்ய, ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தை வீட்டு வைஃபையில் திறந்து, அந்த எண்ணை வான் முகவரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் மேலே இன்னொரு நாட் (ஒரே ஐபியைப் பலருக்குப் பகிரும் அடுக்கு) இருக்கிறது. இதே சிக்கலோடு வருபவர்களுக்கு: வான் முகவரி 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் வீட்டு மோடமே ரவுட்டராகவும் வேலை செய்கிறது. அதை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு மோடமாக மட்டும் இயங்கும் நிலை) மாற்றினால் போதும்.

இன்னொரு பதில்:
நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்கலாம், அப்போது போர்ட் திறக்கும். ஆனால் தயவுசெய்து கேமராவை நேராக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல் ஏராளமான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது எந்த நுட்பமும் இல்லாமல்தான்: தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தது.

அதற்குப் பதில் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் வரும் பாதுகாப்பான தனி வழி) போடுங்கள். வயர்கார்டு, டெயில்ஸ்கேல் இரண்டும் விபிஎன் மென்பொருள்கள். வயர்கார்டை வீட்டில் நேரடியாக வைக்கப் பொது ஐபி வேண்டும். டெயில்ஸ்கேல் சிஜிநாட்டுக்குப் பின்னாலும் ஓடும், ஏனென்றால் இணைப்பு உள்ளிருந்து வெளியே தொடங்குகிறது. கேமராவில் அதை நிறுவ முடியாது என்பதால், எப்போதும் ஓடும் ராஸ்பெர்ரி பை (சின்னக் கணினி) ஒன்றில் நிறுவி, அதை வீட்டு வலையின் மற்ற கருவிகளுக்கும் வழிவிடும் சப்நெட் ரவுட்டர் ஆக்குங்கள். பழைய போர்ட் திருப்பலை நீக்கிவிடுங்கள். ரவுட்டரில் யுபிஎன்பி-யையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் சில கேமராக்கள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ளும்.

கேட்டவர்:
ஒப்பிட்டேன், இரண்டும் வேறு எண்கள்தான். பை-யில் டெயில்ஸ்கேல் போட்டு 192.168.1.0/24 (வீட்டு வலை முழுவதும்) வழியை அறிவித்துவிட்டேன். மொபைல் டேட்டாவிலிருந்து பை-க்கு பிங் (இணைப்புச் சோதனை) போகிறது, கேமராவுக்குப் போகவில்லை.

இரண்டாவது பதிலாளர்:
இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, அறிவித்த வழியை டெயில்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்தில் போய் நீங்கள் அனுமதிக்க வேண்டும். பை பெயருக்கு எதிரே சப்நெட் என்று இருக்கும், அதைத் திறந்து டிக் செய்து சேமியுங்கள். அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான். இரண்டு, பை-யில் ஐபி ஃபார்வர்டிங் (வரும் தரவை அடுத்த கருவிக்கு அனுப்பும் அமைப்பு) 1 என்று இருக்க வேண்டும். 0 என்றால் தரவு பை-யோடு நின்றுவிடும். ரீபூட் செய்த பிறகும் 1 ஆகவே இருக்கிறதா என்று பாருங்கள். பை-க்கு 100 என்று தொடங்கும் முகவரி வந்திருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம், டெயில்ஸ்கேலும் மேலே சொன்ன சிஜிநாட் வரம்பிலிருந்துதான் எண் கொடுக்கிறது.

முதல் பதிலாளர்:
இப்போதே இன்னொன்றையும் மாற்றிவிடுங்கள். வெளியே நீங்கள் சேரும் வைஃபையும் 192.168.1 தொடராக இருந்தால், போன் 192.168.1.64-ஐ அங்கேயே தேடலாம். மொபைல் டேட்டாவில் வருகிறது, வேறு வைஃபையில் வருவதில்லை என்ற புகாருக்கு முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வீட்டு ரவுட்டரை 192.168.57 போன்ற அரிய தொடருக்கு மாற்றி, கேமராவின் மேக் முகவரிக்கு (கருவியின் வன்பொருள் எண்) ரவுட்டரின் டிஎச்சிபி-யில் (ஐபி பங்கிடும் அமைப்பு) நிலையான ஐபி ஒதுக்கி, புதிய தொடரை டெயில்ஸ்கேலில் மறுபடி அறிவித்து அனுமதியுங்கள்.

படம் வந்தும் திக்கினால் வீட்டு அப்லோடு வேகத்தைப் பாருங்கள். கேமராவின் முழுத் தர 1080பி மெயின் ஸ்ட்ரீம் பொதுவாக 2 முதல் 4 எம்பிபிஎஸ் கேட்கும். வெளியிலிருந்து பார்க்க தரம் குறைந்த சப் ஸ்ட்ரீம் போதும்.

கேட்டவர்:
வழியை அனுமதிக்கவே இல்லை, அதுதான். டிக் செய்ததும் மொபைல் டேட்டாவில் படம் வந்துவிட்டது. தொடரையும் மாற்றிவிடுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.